கட்டம் போட்ட திரைக்கு முன்னால்: புஷ்பமாலாவின் ஒளிப்படங்களும் அடையாளம் என்னும் கேள்வியும்

லண்டன் இனவியல் கழகத்தைச் சேர்ந்த ஜான் லாம்ப்ரே 1869இல் ஒரு மரச்சட்டம் செய்தார். ஏழடி உயரம், மூன்றடி அகலம். சட்டத்தின் உட்புறத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகச் சிற்றாணிகளை அடித்து, கயிற்றுக்கட்டில் பின்னுவதுபோல் மெல்லிய பட்டு நூலை நெடுக்கும் குறுக்குமாக இழுத்துக் கட்டினார். அந்தக் கட்டங்களுக்கு முன்னால் ஓர் ஆளை உடையில்லாமல் நிறுத்திப் படம் எடுத்தால் தோள் எத்தனை கட்டம், இடுப்பு எத்தனை கட்டம் என்று எண்ணிவிடலாம். ஒரு மலாய்க்காரரின் உடலையும் ஓர் ஆங்கிலேயரின் உடலையும் ஒப்பிட இருவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. படங்கள் கையில் இருந்தால் போதும்.

ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, பெங்களூரில் ஒருவர் கட்டம் போட்ட அத்தகைய திரையைத் தானே ஏற்பாடு செய்து, அதன் முன்னால் தானே போய் நின்றார். அளக்கப்படும் பழங்குடிப் பெண்ணாக வேடமிட்டவரும் அவர்தான், அந்தப் படத்தைத் திட்டமிட்டவரும் அவர்தான். புஷ்பமாலா என். என்ற அந்தக் கலைஞர் அடிப்படையில் சிற்பி. இந்தியாவில் அடையாளம், பாலினம், பண்பாடு ஆகியவற்றை ஒளிப்படத்தின் வழியாகப் பேசியவர்களைப் பற்றி யார் எழுதினாலும் அவருடைய பெயரைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு பெண்ணைப் படத்தில் பார்த்ததும் ‘இவள் இன்னார்’ என்று நம்மைச் சொல்லவைப்பது எது? அவளுடைய முகமா, உடுப்பா, பின்னால் தொங்கும் திரையா, படத்துக்குக் கீழே யாரோ எழுதிவைத்த வரியா? அந்த வரியை எழுதும் உரிமை யாருக்கு இருந்தது, இப்போது யாருக்கு இருக்கிறது? புஷ்பமாலாவின் படங்களை நடுவில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை முன்னும் பின்னும் துழாவிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அளவெடுத்தவர்கள்

இந்தியாவுக்கு ஒளிப்படக் கலை வந்து சேர்ந்த வேகத்திலேயே அரசாங்கத்தின் கைக்கும் போய்விட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, தான் ஆளும் மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரம் ஆட்சிக்கு இருந்தது. ‘இந்திய மக்கள்’ என்ற தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த அந்த நூலில் நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பு. இந்தச் சாதியார் விசுவாசிகள், அந்தக் குலத்தார் நம்பத்தகாதவர்கள் என்ற தொனியில் அந்தக் குறிப்புகள் தீர்ப்புச் சொல்லின. படத்தில் இருப்பவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. அவர் ஒரு வகையின் மாதிரி, அவ்வளவுதான்.

சென்னையில் இந்த வேலையைத் தலைமேல் சுமந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர். மண்டையோட்டின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அளக்கும் கருவிகளோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். ‘தென்னிந்தியாவின் சாதிகளும் குலங்களும்’ என்ற அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. நம் பல்கலைக்கழகங்களின் சாதி பற்றிய ஆய்வேடுகளில் இன்றும் அவை எடுத்தாளப்படுகின்றன. அந்த அலைச்சலில் நடந்த ஒன்றைத் தர்ஸ்டனே எழுதிவைத்திருக்கிறார். வயநாட்டில் பணியர் பழங்குடிப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டமெடுத்தார்களாம். தங்களில் தேர்ந்த சிலரைப் பிடித்துப் பாடம் பண்ணிச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் பயந்தார்களாம்.

தர்ஸ்டன் இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார். அந்தப் பெண்களின் கணக்கு ஒன்றும் தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உயிருள்ள ஒருத்தியை அவளுடைய வாழ்விலிருந்து பிரித்தெடுத்து, அசையாமல் நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, கீழே குலப்பெயர் எழுதுவதற்கு வேறென்ன பெயர் இருக்கிறது? வைக்கோலுக்குப் பதில் வெள்ளி உப்பு பூசிய தாள். இந்தியாவில் மானுடவியல் ஒளிப்படத்தைக் கூர்மையாக விமர்சித்தவர்கள், எழுத்தறியாத அந்தப் பணியர் பெண்கள். அவர்களுடைய விமர்சனம் ஓடியதுதான்.

வகைபிரித்தல் ஏட்டோடு நிற்கவில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென்மாவட்ட மக்களின் வாயில் அதற்குக் ‘கைரேகைச் சட்டம்’ என்று பெயர். 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது அதை எதிர்த்த மக்கள்மீதுதான். அதே 1871 சட்டத்துக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. இன்று நாம் திருநங்கைகள் என்று மதிப்போடு அழைப்பவர்களுக்கான பதிவேடு அது. அதில் பெயர் ஏறிய ஒருவர் பெண்ணுடை அணிந்து தெருவில் வந்தால் இரண்டாண்டு வரை சிறை. யார் எந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்பது சட்டப் புத்தகத்தில் இருந்த காலம் அது. பாலினத்தையும் வேடத்தையும் பற்றிப் பேசும் ஒளிப்படங்களை இந்தப் பின்னணி தெரியாமல் பார்த்தால் அவை வெறும் மாறுவேடப் போட்டியாகத்தான் தெரியும்.

சிற்பி வேடம் கட்டியது

புஷ்பமாலா 1956இல் பெங்களூரில் பிறந்தவர். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தார். எண்பதுகளில் சுடுமண்ணில் அவர் செய்த உருவங்களுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் மண்ணை விட்டுத் தன் உடலையே கையில் எடுத்தார். எடுத்த காரியத்துக்கு ‘போட்டோ பர்ஃபாமன்ஸ்’ என்று பெயர் வந்தது. தமிழில் நிகழ்த்து ஒளிப்படம் என்று சொல்லலாம். நம் கூத்துக்காரர்களிடம் கேட்டால் இன்னும் எளிதாகச் சொல்வார்கள்: வேஷம் கட்டி நிற்பது.

முதல் பெரிய தொடர் ‘பாண்டம் லேடி அல்லது கிஸ்மத்’, 1996–98. பம்பாயின் இரவுத் தெருக்களில் கறுப்பு முகமூடி அணிந்த ஒரு சாகசக்காரி, தொலைந்துபோன தன் இரட்டைச் சகோதரியைத் தேடி அலைகிறாள். இரண்டு வேடமும் புஷ்பமாலாவே. பழைய துப்பறியும் படங்களின் கறுப்புவெள்ளை ஒளியில் எடுக்கப்பட்ட இந்தத் தொடர், ‘ஃபியர்லெஸ் நாடியா’வுக்குச் செலுத்திய வணக்கம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, 1935இல் ‘ஹண்டர்வாலி’ படத்தில் சாட்டையைச் சுழற்றி இந்திய ரசிகர்களைச் சொக்கவைத்தவர் நாடியா. அந்தப் பெயருக்கே ‘சாட்டைக்காரி’ என்றுதான் பொருள். இந்தச் சாட்டை பின்னால் தமிழ்நாட்டு வழியாகத் திரும்பி வரும்.

அடுத்து, 1950களின் நட்சத்திரங்களைப் படமெடுத்துப் பெயர் பெற்ற பம்பாய் ஸ்டுடியோக்காரர் ஜே. எச். தக்கரோடு சேர்ந்து ‘பாம்பே போட்டோ ஸ்டுடியோ’ தொடரைச் செய்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புஷ்பமாலா கேமராவின் பொத்தானை அழுத்துவதில்லை. அவருடைய படங்களை எடுப்பவர்கள் வேறு ஒளிப்படக்காரர்கள். கதை, வேடம், அரங்கம், பார்வை ஆகியவை அவருடையவை. ‘ஒளிப்படக் கலைஞர்’ என்று ஒருவரை அழைக்க விரல் அழுத்த வேண்டுமா என்ற கேள்வியையும் அவர் இப்படிச் சத்தமில்லாமல் கிளப்பிவிட்டார்.

அவருடைய குறும்புக்கு ஒரு சான்று: ‘சோம்பேரிகட்டே’ என்று கற்பனையாக ஒரு நிறுவனத்தை அவர் நடத்திவருகிறார். கன்னடத்தில் சோம்பேறிகள் உட்காரும் மேடை என்று பொருள். ஊர்க்கோடி ஆலமரத்தடியில் வேலையில்லாதவர்கள் உட்கார்ந்து உலகத்தையே அலசும் திண்ணையை நினைத்துக்கொண்டால் போதும். ஆணைகளும் முத்திரைகளும் கொண்ட நிறுவனங்களைக் கிண்டல் செய்ய ஒரு திண்ணையையே நிறுவனமாக்கியவர், அருங்காட்சியகத்தின் பதிவேட்டை எப்படிக் கையாளுவார் என்பதை ஊகிக்கலாம்.

பத்து வகைப் பெண்கள்

2000 முதல் 2004 வரை புஷ்பமாலா, தென்னிந்தியாவில் வாழும் பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து செய்த தொடர்தான் ‘தென்னிந்தியாவின் நாட்டுப் பெண்கள்: நடையும் வழக்கமும்’. தலைப்பிலேயே நையாண்டி தொடங்கிவிடுகிறது. விக்டோரியா காலத்து வெள்ளைக்காரப் பயணிகளும் பாதிரிமார்களும் இப்படித்தான் தலைப்பு வைத்தார்கள். தொடருக்கு நான்கு பகுதிகள். அவற்றில் அதிகம் பேசப்படுவது ‘நாட்டு வகைகள்’ என்ற பத்து வண்ணப் படங்கள்.

பத்தும் ஏற்கெனவே உள்ள பத்து உருவங்களை அடியொற்றியவை. ரவிவர்மா 1889இல் தீட்டிய நிலவொளிப் பெண், குளத்திலிருந்து நீர் எடுத்துத் திரும்பும் பெண், ரவிவர்மா அச்சகம் வீடுதோறும் கொண்டுசேர்த்த லட்சுமி, கையில் மைனாவோடு நிற்கும் பீஜப்பூர்ச் சிற்றோவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, அளவுத் திரைக்கு முன்னால் நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண், அமெரிக்கரான மேரி எல்லன் மார்க் 1989இல் எடுத்த சர்க்கஸ் படத்தின் மறு ஆக்கம், கன்னட சினிமாவின் காதல் காட்சி ஒன்று, காவல்துறையிடம் பிடிபட்ட பெண்களைக் காட்டும் செய்தித்தாள் படம். பத்தாவது, சாட்டையோடு நிற்கும் 1970களின் தமிழ்த் திரை நாயகி. அசல் படத்தில் இருப்பவர் ஜெயலலிதா.

ஓவியக்கூடம், பூஜையறை, கோயில் கடை, ஆய்வுக்கூடம், காவல் நிலையம், சினிமா கொட்டகை என்று ஒன்றோடொன்று ஒட்டாத இடங்களிலிருந்து வந்த உருவங்கள். அவற்றை ஒரே அளவில், ஒரே சுவரில், ஒரே முகத்தோடு மாட்டிவிட்டார். இதில்தான் தொடரின் சாமர்த்தியம். தெய்வமும் திருடியும் அக்கம்பக்கத்தில் நிற்கும்போது, இருவரையும் ஆக்கிய கருவிகள் ஒன்றே என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பின்திரை, ஒரு விளக்கு, கையில் ஒரு பொருள். லட்சுமி கையில் தாமரை, குற்றவாளி கையில் பெயர்ப் பலகை, நாயகி கையில் சாட்டை. கையில் இருக்கும் பொருளை மாற்றினால் பெண்ணே மாறிவிடுகிறாள்.

தமிழ் வாசகருக்கு இது புதிய பாடம் அன்று. சிற்றூர் போட்டோ ஸ்டுடியோக்களை நினைத்துப் பார்க்கலாம். ரசம் போன கண்ணாடி, அதன் கீழே பல் உதிர்ந்த ஒரு சீப்பு, பவுடர் டப்பா. ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். ஊரில் பாதிப் பேர் கல்யாணப் படத்தில் போட்டிருப்பது அந்த ஒரே கோட்டுதான். பின்னால் மாளிகைப் படிக்கட்டோ ஏரியும் அன்னமுமோ தீட்டிய திரை. எடுத்த படத்தைப் பார்த்து யாரும் ‘இது பொய்’ என்று சொன்னதில்லை. ‘நல்லா விழுந்திருக்கு’ என்றார்கள். ஆட்சியாளரின் கேமராவுக்கு முன்னால் ‘வகை’யாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், தெருமுனை ஸ்டுடியோவில் கடன்வாங்கிய கோட்டில் தாங்கள் விரும்பிய ஆளாக நின்றார்கள். புஷ்பமாலா இந்த இரண்டு மரபுகளையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறார். ஸ்டுடியோவின் தாராளத்தை வைத்து ஆய்வுக்கூடத்தின் அதிகாரத்தைச் சீண்டுகிறார்.

சாட்டைப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது எடுக்கப்பட்ட ஆண்டுகளில் ஜெயலலிதா தமிழ்நாட்டு அரசியலின் மையம். அவருடைய உருவம் ஊரெங்கும் கட்அவுட்டாக நின்ற காலம். தலையிலிருந்து கால்வரை மூடிய உடையில் ‘அம்மா’வாக நின்ற அந்தப் பிம்பத்துக்குப் பின்னால், சாட்டையோடு நின்ற நாயகியின் பிம்பம் ஒன்று இருந்தது. புஷ்பமாலா அதைத் தோண்டி எடுத்து, பழங்குடிப் பெண்ணுக்கும் லட்சுமிக்கும் இடையில் நிறுத்தினார். ஒரு பெண் அதிகாரத்துக்கு வர எத்தனை வேடங்கள் வழியாக நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. நாடியாவின் சாட்டை, தமிழ் சினிமாவின் சாட்டை, ஆட்சியின் சாட்டை மூன்றும் அதில் ஒரே கையில் இருக்கின்றன.

வேளாங்கண்ணிப் படத்தில் வேறொரு நயம். பட்டுச்சேலை உடுத்தும் அந்த மாதா, மேற்கிலிருந்து வந்து சோழமண்டலக் கரையில் ஊர்க்காரியானவள். ‘நாட்டுப் பெண்’ என்ற பட்டியலில் அவளைச் சேர்த்ததன் மூலம் ‘எது நாட்டுடையது, எது அந்நியம்’ என்ற கோட்டையே புஷ்பமாலா அழித்துவிடுகிறார்.

‘இனவரைவியல் தொடர்’ என்ற இன்னொரு பகுதியில் 45 சிறிய படங்கள், பழுப்பேறிய பழைய படங்களின் சாயலில். கட்டம் போட்ட திரை, அளவுகோல், இடுக்கி, பல வகைப் பெண்கள். ஆர்னியும் கேமராவுக்குப் பின்னால் மட்டும் நின்றுவிடுவதில்லை. வெள்ளைப் பெண்ணும் கறுப்புப் பெண்ணும் ஒரே ஆட்டத்தில் பங்காளிகள் ஆகிறபோது, யார் ஆய்வாளர், யார் மாதிரி என்ற பழைய ஏற்பாடு குழம்புகிறது. நான்காம் பகுதியோ அரங்கம் அமைப்பதையும் ஒப்பனை போடுவதையும் திறந்து காட்டுகிறது. கூத்தில் ஒப்பனைக் கொட்டகையின் படுதாவை விலக்கிக் காட்டுவது மாதிரி. தர்ஸ்டனின் தொகுதிகளில் அப்படியொரு படம் கிடையாது. இடுக்கியைப் பிடித்த கை யாருடையது, அந்தப் பெண்ணை வரச்சொன்னது யார் என்பதை அங்கே யாரும் காட்டவில்லை.

பிற்காலத்தில் இந்த வேடம் மேலும் விரிந்து, கடைசியில் பெண் வட்டத்தையும் தாண்டியது. ‘பாரத மாதா’வின் நாட்காட்டிப் படங்களை நடித்துக் காட்டினார். சீதை, கைகேயி, சூர்ப்பணகை ஆகியோரை வைத்து ஒரு தொடர் செய்தார். 2014இல், போர்த்துக்கீசிய ஓவியர் வெலோஸோ சல்காடோ 1898இல் தீட்டிய ‘வாஸ்கோ ட காமாவின் வருகை’ ஓவியத்தை அரங்கமாக அமைத்து, வாஸ்கோ ட காமாவாகத் தானே நின்றார். ஐரோப்பிய ஆண் வெற்றிவீரனின் தாடியும் தொப்பியும் ஒரு பெங்களூர்ப் பெண்ணின் மேல் ஏறியதும், ‘கண்டுபிடிப்பு’ என்று பாடநூல்கள் சொல்லும் நிகழ்ச்சியே ஒரு நாடக மேடை என்பது தெரிந்துவிட்டது.

உலகத்து வேடதாரிகள்

புஷ்பமாலாவை ‘இந்தியாவின் சிண்டி ஷெர்மன்’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அமெரிக்கரான ஷெர்மன் 1977–80இல் எடுத்த ‘தலைப்பில்லாத திரைப்படக் காட்சிகள்’ தொடரில் தன்னையே பல பெண்களாக மாற்றிக்கொண்டார். அந்தக் காட்சிகள் எந்தப் படத்திலும் இல்லாதவை. எங்கோ பார்த்தோமே என்று நம்மை மயங்கவைத்து, பெண் என்பவள் திரை ஊட்டிய நினைவு என்று உணர்த்துவது ஷெர்மனின் வழி. புஷ்பமாலா எடுத்துக்கொள்வது பெயரும் ஊரும் ஆண்டும் உள்ள உருவங்களை. அவருடைய சண்டை பொதுவான மாயையோடு நடப்பதில்லை. இந்த ஓவியம், இந்த அச்சகம், இந்தப் பதிவேடு என்று விலாசம் தெரிந்த இடத்தில் நடக்கிறது.

இந்த விஷயத்தில் அவருக்கு நெருங்கிய உறவினர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார். சாமுவேல் ஃபோஸோ மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில், பதின்மூன்று வயதிலேயே ஸ்டுடியோ திறந்தவர். வாடிக்கையாளர் படம் போக ஃபிலிமில் மிஞ்சும் பகுதியில் தன்னைத்தானே எடுத்து, நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார். பின்னாளில் கறுப்பின விடுதலைத் தலைவர்களின் புகழ்பெற்ற படங்களை அச்சுப்பிசகாமல் நடித்துக் காட்டினார். அவற்றில் ஏஞ்சலா டேவிஸாக நிற்பதும் அவரே. மிச்ச ஃபிலிமில் பிறந்த கலை அது. ஆள்பவரின் செலவில் எடுக்கப்பட்ட எட்டுத் தொகுதிகளுக்குச் சரியான மறுமொழி.

வேஷம் கலைக்க முடியாதவர்கள்

புஷ்பமாலாவிடம் கேட்க வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு. அவர் தோடர் பெண்ணாக வேடமிட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் ஒப்பனையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். அசல் படத்தில் நின்ற பெண்ணுக்கு அது வேடமில்லை, கழுவவும் முடியாது. மூலப்படத்தில் அவளுக்குப் பெயரில்லை. மறு ஆக்கத்திலும் அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை, இந்த முறை அவள் உருவமும் இல்லை. நகரத்தில் கலைக் கல்வி பெற்ற ஒருவர் பழங்குடிப் பெண்ணின் இடத்தில் நிற்பது அவளுக்காகப் பேசுவதா, அவள் நின்ற இடத்தையும் எடுத்துக்கொள்வதா?

புஷ்பமாலாவின் பக்கம் ஒரு வலுவான பதில் உண்டு. அவர் தோடர் பெண்ணாக நடிக்கவில்லை, தோடர் பெண்ணின் ‘படமாக’ நடிக்கிறார். அவருடைய இலக்கு நீலகிரியில் தோடர் குடியிருப்பான மந்தில் வாழும் ஒருத்தி அல்லள். அவளைக் கட்டத்துக்குள் நிறுத்திய பார்வைதான் இலக்கு. பதில் சரியானது. ஆனால் போதாது. பார்வையை உடைத்த பிறகு, அதன்வழி பார்க்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்குப் பதில் தேட வேறு கலைஞர்களிடம்தான் போக வேண்டும்.

தயாநிதா சிங் 1989இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காகப் பழைய டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுக்கப் போனார். படம் எடுத்து முடித்த பிறகுதான் அது இங்கிலாந்தில் அச்சாகும் என்பது மோனாவுக்குத் தெரிந்தது. அங்கே தன் உறவினர்கள் இருக்கிறார்கள், ஃபிலிமைக் கொடுத்துவிடு என்றார். தயாநிதா மறுபேச்சில்லாமல் ரோலைக் கொடுத்துவிட்டார். பத்திரிகைக்குப் படம் போகவில்லை. அந்த நட்போ 2017இல் மோனா இறக்கும்வரை நீடித்தது. 2001இல் ‘நான், மோனா அகமது’ என்ற புத்தகம் வந்தபோது படங்களோடு சேர்ந்து வந்தவை, பதிப்பாளருக்கு மோனா சொல்லச் சொல்ல எழுதப்பட்ட மின்னஞ்சல்கள். ‘இந்திய மக்கள்’ தொகுதியில் அதிகாரி எழுதிய குறிப்பு இருந்த இடத்தில், இங்கே படத்தில் இருப்பவரே பேசுகிறார். தன் தனிமை, தான் எடுத்து வளர்த்த மகள், தான் குடியிருந்த கல்லறைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் தன் வாயாலேயே.

சுனில் குப்தா 1986–87இல் டெல்லியின் தன்பால் ஈர்ப்பு கொண்ட ஆண்களை வைத்து எடுத்த ‘எக்ஸைல்ஸ்’ தொடரில், ஹுமாயூன் கல்லறையும் இந்தியா கேட்டும் நன்றாகத் தெரிகின்றன. மனிதர்கள் முகம் திருப்பி நிற்கிறார்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 தலைக்குமேல் தொங்கிய காலம். இருபது ஆண்டு கழித்து ‘மிஸ்டர் மல்ஹோத்ராஸ் பார்ட்டி’ என்ற தொடரைத் தொடங்கினார். இதில் மனிதர்கள் பட்டப்பகலில் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள், தங்கள் பெயரோடு. அது குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பரில். படங்கள் அதற்கு முன்பே கேமராவின் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டன.

தென்னாப்பிரிக்காவில் ஸனேலே முஹோலி 2006 முதல் எடுத்துவரும் ‘முகங்களும் கட்டங்களும்’ தொடரில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர்களும் திருநர்களும் நிமிர்ந்து நிற்கிறார்கள். படத்தில் இருப்பவர்களை முஹோலி ‘பங்கேற்பாளர்’ என்றே அழைக்கிறார். ஆண் பெண் என்ற சுட்டு இல்லாமல் தன்னைக் குறிப்பிட வேண்டும் என்பது முஹோலியின் விருப்பம். ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்காக இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தமிழில் ‘அவர்’ என்று மதிப்போடு எழுதினால் வேலை முடிந்துவிடுகிறது. நம் மொழியின் மரியாதைச் சொல்லுக்குள் இப்படியொரு வாசல் இருப்பதை நாமே அதிகம் யோசித்ததில்லை.

புஷ்பமாலாவின் தோடர் படத்துக்கு மிகச் சரியான இணைப்படம் என்று நான் கருதுவது கௌரி கில்லின் ‘ஆக்ட்ஸ் ஆஃப் அப்பியரன்ஸ்’ தொடரை. மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் கோக்ணா, வார்லி பழங்குடிகளைச் சேர்ந்த காகிதக்கூழ் முகமூடிக் கலைஞர்கள் திருவிழாவுக்காகத் தெய்வ முகங்கள் செய்பவர்கள். 2015இலிருந்து அவர்களோடு சேர்ந்து வேலை செய்த கில், அன்றாட வாழ்வின் முகங்களைச் செய்யும்படி கேட்டார். விலங்கு முகத்தோடும் கருவிகளின் முகத்தோடும் அவர்கள் தங்கள் ஊரிலேயே உட்கார்ந்து, படுத்து, வேலை பார்த்து நடித்துக் காட்டினார்கள். இங்கே வேடமும் அவர்களுடையது, கைவேலையும் அவர்களுடையது. முகம் மறைந்திருக்கிறது. ஆனால் மறைத்தது அவர்களே. அளவெடுக்க வருபவருக்கு அங்கே மூக்கே கிடைக்காது.

தமிழ்நாட்டிலும் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், கூவாகம் விழாவுக்கு வரும் திருநங்கைகளை விழாத் திடலில் எடுப்பதை விட்டு விழுப்புரத்து விடுதி அறைகளுக்குள் எடுத்தார். சித்திரை பிறந்தால் பத்திரிகைகளின் கேமராக்கள் தாலி கட்டுவதையும் அறுப்பதையும் துரத்தும். அலங்காரத்துக்கும் அழுகைக்கும் இடையில் கட்டிலில் சாய்ந்து கிடக்கும் நேரம் யாருக்கும் செய்தியில்லை. அவருக்கு அதுதான் படம். 2020 ஊரடங்கில் அவர் கேமராவைத் தன் தலித் குடும்பத்தின் பக்கமே திருப்பினார். மதுரைக்காரரான பழனிக்குமார் துப்புரவுப் பணியாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்கிறார். அதோடு அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் கற்றுத்தருகிறார். நான் எடுக்கிறேன் என்பதிலிருந்து நீ எடு என்பதற்கு நகர்வது, வேடம் கட்டுவதைவிட மெதுவான வேலை. பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகலாம்.

ரோலைத் திருப்பிக் கேட்பது

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று வழிகள் தென்படுகின்றன. பழைய படத்தை நடித்து உடைப்பது புஷ்பமாலாவின் வழி. படத்தில் இருப்பவரோடு நீண்டநாள் உறவில் நின்று பேச்சுரிமையைப் பகிர்வது தயாநிதா, குப்தா, முஹோலி, கில் ஆகியோரின் வழி. அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே கேமரா புறப்படுவது நம் இளைஞர்களின் வழி. கடைசி வழி வந்துவிட்டது, இனி முதல் வழி தேவையில்லை என்று சொல்லும் குரல்கள் இப்போது கேட்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் கதையைத் தானே எடுக்க வரும் இளைஞரின் கண்ணுக்குள்ளும் ரவிவர்மாவின் நிலவொளி, சினிமாவின் பின்திரை, அடையாள அட்டையின் வெள்ளைச் சுவர் எல்லாம் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவை எப்படி உள்ளே வந்தன என்பதைப் பிரித்துக் காட்டியவர் புஷ்பமாலா. 2019இல் சென்னை போட்டோ பியனாலே என்னும் ஒளிப்பட விழாவின் இரண்டாம் பதிப்பை அவர் வடிவமைத்தபோது, தர்ஸ்டன் இடுக்கியோடு புறப்பட்ட அதே நகரத்துக்கு இந்தக் கேள்வி முறையாக வந்து சேர்ந்தது.

மூன்று வழிகளையும் அளக்கப் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், பட்டு நூல் கட்டங்கள் உதவாது. மோனா அகமது தந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம்: படத்தில் இருப்பவர் ரோலைத் திருப்பிக் கேட்க முடியுமா, கேட்டால் கிடைக்குமா? லாம்ப்ரேயின் சட்டத்துக்கு முன்னால் நின்றவர் கேட்டிருக்க முடியாது. புஷ்பமாலா தன்னிடமே கேட்டுத் தானே கொடுத்துக்கொள்ளலாம். அவருடைய சுதந்திரமும் எல்லையும் அதுதான். கைபேசிப் படம் நொடியில் ஊரைச் சுற்றும் இந்தக் காலத்தில், தயாநிதாவைப்போல் திருப்பிக் கொடுக்க ரோல் என்று ஒன்று யாரிடமும் இல்லை.

வயநாட்டுப் பணியர் பெண்களுக்கு ரோல் என்றால் என்னவென்று தெரியாது. தர்ஸ்டனைக் கண்டதும் ஓடினார்கள். ஓடி மறைந்தவர்கள் எந்தத் தொகுதியிலும் எந்தத் திரைக்கு முன்னாலும் இல்லை. இந்த வரலாற்றில் தன் உருவத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான்.